இரண்டு தலை, ஒன்பது கங்காணி

மலேசியாவில் ஒருவர் கேரவன் வாங்குவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கையில் கொஞ்சம் காசும், குறுக்கே பேச மனைவி வீட்டில் இல்லாத ஒரு மத்தியானமும் போதும். என் மச்சானுக்கு இரண்டும் ஒரே நாளில் வாய்த்துவிட்டன.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நாடே வீட்டுக்குள் முடங்கியபோது ஆளுக்கொரு வைராக்கியம் பிறந்தது. சிலர் ரொட்டி சுடக் கற்றார்கள். சிலர் கட்டிய மனைவியோடு பேசக் கற்றார்கள். மச்சானோ, கதவைத் திறந்துவிட்டதும் நாட்டைச் சுற்றிவருவது என்று முடிவு செய்தார். கோப்பேங் பக்கம் முகாம் நடத்திக் கைவிட்ட ஒருவரிடமிருந்து பழைய பிரிட்டிஷ் கேரவன் ஒன்று லோரியில் ஏறி வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தை ஒட்டிக் கிடந்த அரை ஏக்கர் நிலத்தில் இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். அதை இழுக்கத் தோதான காடி, ஓட்ட அனுமதி, சாலை வரி, டயர் என்று ஒவ்வொன்றாக விசாரிக்க விசாரிக்க மச்சானின் நாடு சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வண்டிக்கு நாலு பக்கமும் எண்ணெய்ப் பனை, மேலே கொஞ்சம் வானம் என்று நின்றது.

வண்டிக்குப் பூர்வீகம் இங்கிலாந்து என்பதால் ஊரில் அதற்கு ‘துரை பங்களா’ என்று பெயர் விழுந்துவிட்டது. சில பெரியவர்கள் ‘கெல்லி கோட்டை’ என்பார்கள். பத்து காஜா பக்கம் நிற்கும் அந்த நிஜக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனார். கோட்டையும் பாதியில் நின்றுபோனது. அதற்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையில் சாமிகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாகத் துரையின் சிலையும் நிற்கிறது. என் மச்சானுக்குச் சிலை வைக்க இதுவரை யாரும் முன்வரவில்லை. பாதியில் நின்ற வேலை என்ற பொருத்தம் மட்டும் கச்சிதம்.

பயணம் போகாத வண்டிக்கு ஒரே உபயோகம், ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் கூடினால் அதற்குள் தேநீர் வைப்பது. அதற்கும் வந்தது வினை. அடுப்பு வந்த நாளிலிருந்தே சோம்பல். போகப் போகச் சோம்பல் முற்றி உறக்கமாகிவிட்டது. நீலமாக நிற்க வேண்டிய தீ மஞ்சளாகத் தலை தொங்கிப் பானையின் அடியைத் தொடாமலே திரும்பிவிடும்.

“இதுல தண்ணி கொதிக்கறதுக்குள்ள நான் ஈப்போ போயி மாமாக் கடையில குடிச்சிட்டு வந்துடுவேன்” என்றாள் அத்தை. “கேஸ் தலைய மாத்துங்கடா. எத்தன வருசத்துப் பழசோ!”

அத்தை சொன்னது ஒரே வரி. முழு உண்மையும் அதில் இருந்தது. ஆனால் அதை அவள் கையில் கரண்டியோடு சொன்னதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொழில்நுட்பக் கருத்து என்றால் இடுப்பில் கைவைத்துச் சொல்ல வேண்டும்.

கேஸ் தலை என்பது தோம்பின், அதாவது கேஸ் சிலிண்டரின், உச்சியில் உட்காரும் ரெகுலேட்டர். பார்க்க அற்பமான சாமான். பார்க்கும் உத்தியோகமோ பெரிது. தோம்புக்குள் வாயு அழுத்தத்தில் திரவமாகக் கிடக்கிறது. நம் ஊர் 30 டிகிரி வெயிலில் அது பியூட்டேன் மட்டும் என்றால் இரண்டு பார் பக்கம், புரொப்பேன் மட்டும் என்றால் பத்து பார் பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும். நம் வீட்டுக்கு வருவது இரண்டும் கலந்தது. அழுத்தமும் இரண்டுக்கும் நடுவே. ஆனால் அடுப்பு கேட்பதோ 30 மில்லிபார் அளவுதான். அதாவது ஓர் அடி உயரத் தண்ணீர் தன் அடியில் கொடுக்கும் அழுத்தம். அவ்வளவு மூர்க்கத்தை இவ்வளவு சாதுவாக்கி அனுப்புவது தலைக்குள் இருக்கும் ஒரு ரப்பர் சவ்வும் ஒரு சுருள்வில்லும். அடுப்பில் வாயு செலவானால் சவ்வு தாழ்ந்து வழிவிடும். வாயு தேங்கினால் சவ்வு மேலேறி வழியை அடைக்கும். சவ்வின் மறுபக்கம் வெளிக்காற்றைச் சுவாசிக்க ஒரு பொடித் துளை உண்டு. அது அடைபட்டால் சவ்வுக்குப் புத்தி தடுமாறிவிடும். அந்தத் துளை குளவிக்கு ரொம்பப் பிடித்த மனை. ஈர மண்ணை உருட்டிக்கொண்டு வந்து வாடகை இல்லாமல் குடியேறிவிடும்.

இந்தச் சின்னச் சாமானை மாற்றக் கால் மணி நேரம் போதும். எங்கள் ஆட்கள் கூடினால் கால் மணி நேரத்தில் தலைவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பூர்வீகம் கொஞ்சம் தெரிய வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் விடியும் முன்னே பெரட்டு. லயத்திலிருந்து இறங்கி வந்து இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிவார். கங்காணி, ஆளுக்கு இன்ன மர வரிசை என்று நிறை பிரித்துக் கொடுப்பார். சின்னத் துரை மோட்டார் சைக்கிளில் சுற்றிவருவார். பெரிய துரை எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கிருந்தும் பார்ப்பார். காலைக் குளிர்ச்சி போவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இவ்வளவு அவசரம். ஒருவர் வெட்ட, நாலு அடுக்கு மேலே இருந்து பார்க்கும். மூன்று தலைமுறை எங்கள் ஆட்கள் பார்க்கப்பட்டார்கள். இப்போது தோட்டம் போயிற்று, ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்தது, பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். சேர்த்து வைத்த ஆசை மட்டும் தங்கிவிட்டது: ஒரு நாளாவது, யாரோ ஒருவன் குனிந்து வேலை செய்ய, நாம் நிமிர்ந்து நின்று பார்க்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு வாய்ப்பு அமைந்தது.

வண்டியின் மூக்கில் தோம்பு வைக்கும் பெட்டி இருக்கிறது. அதன் மூடியைத் திறந்ததுதான் தாமதம், பெரட்டு கூடிவிட்டது. உரிமையாளர் என்பதால் மச்சான் துரை ஸ்தானத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா, சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அவருக்கு எதையும் எழுதாமல் பார்க்கத் தெரியாது. கங்காணியாக இருந்த மாமா பெட்டிக்கு முன்னே போய் இடுப்பில் கைவைத்தார். புந்தோங்கில் கச்சான் பூத்தே வியாபாரம் செய்யும் சித்தப்பா, பொறியியல் படிக்கும் மருமகன், கோயில் தலைவர், முன்னாள் லோரி டிரைவர் அண்ணன், பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீன அங்கிள் என்று வரிசை நீண்டது. எனக்கு டார்ச்லைட் கிடைத்தது. நல்ல உத்தியோகம். வெளிச்சம் எங்கே விழுந்தாலும், சரியாகப் பிடிக்கவில்லை என்று ஏதோ ஒரு பக்கமிருந்து திட்டு வரும். அதைத் தவிர வேறு பொறுப்பு கிடையாது.

வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது, பெட்டிக்குள் ஒரு தலை அல்ல, இரண்டு. தோம்பின் உச்சியில் நம் ஊர்த் தலை ஒன்று. அதிலிருந்து கிளம்பிய குழாய், வண்டிச் சுவரில் திருகியிருந்த இங்கிலாந்துத் தலைக்குள் போய் நுழைந்தது.

இங்கிலாந்துத் தலைக்கு ஒரு கதை உண்டு. அங்கே குளிர் அதிகம். பியூட்டேன் பூச்சியத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாக மறுத்துத் தோம்புக்குள் திரவமாகப் படுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை சளைக்காது. அதனால் கேரவன்காரர்கள் கோடையில் நீலத் தோம்பும் குளிர்காலத்தில் சிவப்புத் தோம்பும் வைப்பார்கள். முன்பெல்லாம் பியூட்டேனுக்கு 28 மில்லிபார் தலை, புரொப்பேனுக்கு 37 மில்லிபார் தலை என்று தனித்தனி. பிறகு இரண்டுக்கும் பொதுவாக 30 என்று வைத்து, தலையைத் தோம்பிலிருந்து கழற்றிச் சுவரிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டார்கள். கேமரன் மலை உச்சியில்கூட நமக்கு அந்தக் குளிர்த் தொல்லை கிடையாது. ஆனால் வண்டியை முன்பு வைத்திருந்தவர், சுவரில் இருந்ததையும் கழற்றவில்லை, ஊர்த் தலையையும் விடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் வரிசையாக மாட்டிவிட்டார்.

தோம்புத் தலை பத்து பாரைக்கூட அடக்கி 30 மில்லிபாராக்கி அனுப்புகிறது. சுவர்த் தலையோ தனக்குப் பல பார் வருமென்று காத்திருக்கும் சாமான். ஏற்கெனவே அடங்கி வந்த வாயுவை அது இன்னொரு முறை அடக்குகிறது. அடுப்புக்குப் போய்ச் சேர்வது பெருமூச்சுதான். ஒரே நிறைக்கு இரண்டு கங்காணி போட்டால் பால் என்ன ஆகுமோ, அதுதான் தீக்கு ஆகியிருந்தது.

இதைச் சொன்னால் கேட்பார்களா? ஆளுக்கொரு நோய் கண்டுபிடித்தார்கள். லோரி அண்ணன் தோம்பைத் தட்டிப் பார்த்து, “கேஸே பாதிதான் போட்ருக்கான்” என்றார். கோயில் தலைவர், வண்டியைச் சூலம் இருக்கும் திசையில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லி, எலுமிச்சம்பழம் நசுக்காமல் திறந்த பெட்டி என்பதால் மூடிவிட்டு மறுபடி திறக்கலாமா என்று கேட்டார். மருமகன் கைப்பேசியில் ஆவியழுத்தச் சமன்பாடு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் கணக்குப்படி தீ நன்றாகவே எரிந்தது.

சித்தப்பா மட்டும் கையோடு தீர்வு கொண்டுவந்திருந்தார். காகிதத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு சிவப்புத் தலை. முறுக்கு சுடும் பெரிய அடுப்புக்கு மாட்டும் உயர் அழுத்தத் தலை.

“எங்க புந்தோங்குல எல்லாம் இதுதான். ஒரு திருகு திருகினா பாரு, முறுக்கு மாவு பிழியறதுக்குள்ள வெந்துடும்.”

புந்தோங் கம்போங் கச்சான் பூத்தே சாதாரண இடமல்ல. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கடலையும் முறுக்கும் ஓமப்பொடியுமாகப் போட்டு நாடு முழுக்கக் கொறிக்க வைத்த பேட்டை. எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் இரைகிற தீயைச் சித்தப்பாவுக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது. ஆனால் அந்தத் தலைக்கு ஏற்ற அடுப்பு வேறு, அதன் துவாரம் வேறு, அது நிற்கும் இடம் வேறு. ஆளுயரம் சற்றே மிஞ்சிய கூரையும் பிளாஸ்டிக் சுவரும் கொண்ட கேரவனில் அதை மாட்டினால் வேகப்போவது முறுக்கு அல்ல. சீன அங்கிள் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் ஓசையில்லாமல் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு நான் கேட்ட கருத்துகளிலேயே அதுதான் தெளிவானது.

சிவப்புத் தலை வேண்டாம் என்று ஒருவழியாக முடிவானதும் பேச்சு விலைக்குப் போயிற்று. நம்மவர்கள் கூட்டத்தில் எல்லாப் பேச்சும் விலைக்குத்தான் போய்ச் சேரும். வீட்டுத் தோம்பு கிலோ 1 வெள்ளி 90 காசு என்று அரசாங்கம் கட்டிவைத்த விலை. 14 கிலோத் தோம்பு 26 வெள்ளி 60 காசு. மானியம் இல்லாத வணிகத் தோம்பு அப்போது ஏறக்குறைய 70 வெள்ளி. 2025 மே மாதம் சாப்பாட்டுக் கடைகளெல்லாம் வணிகத் தோம்பைத்தான் வைக்க வேண்டும் என்று அதிகாரிகள் சோதனையில் இறங்கியபோது ஊரே கொந்தளித்தது; பிறகு சிறு வியாபாரிகளுக்கு அரசாங்கம் இறங்கிவந்தது. இப்போது எங்கள் பெரட்டில் எழுந்த கேள்வி: தேநீர் வைக்கும் இந்தக் கேரவன் வீடா, கடையா?

“வீல் இருக்கே, அது வண்டி” என்றார் லோரி அண்ணன்.

“படுக்க பாய் இருக்கே, அது வீடு” என்றார் மச்சான்.

“தேத்தண்ணிக்கு யாராச்சும் காசு குடுத்தீங்களா? அப்ப அது கடை இல்ல” என்று உள்ளேயிருந்து அத்தை தீர்ப்புச் சொன்னாள். பெரியப்பா அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த வழக்கு குழாய். பழைய குழாய் வெடித்துப்போயிருந்தது; வளைத்தால் சிலந்தி வலையாகக் கீறல். அதை மாற்ற வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் புதுக் குழாய் செயற்கை ரப்பரில் இருக்க வேண்டும் என்று மருமகன் வாயைத் திறந்ததும் கங்காணி மாமாவுக்குக் கண் சிவந்துவிட்டது.

“என்னாது? ரப்பர் வெளஞ்ச மண்ணுல நின்னுக்கிட்டு ரப்பர் ஆவாதுன்னு சொல்றியா?”

மாமாவின் கோபம் நியாயமானது. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது; இங்கிருந்து காடியில் கொஞ்ச நேரம்தான். மலாயா ரப்பரின் மூத்த வேர்களில் அது ஒன்று. அந்த வம்சத்து மரங்களின் பட்டையைச் சீவிச் சீவித்தான் மாமாவின் தாத்தா, அப்பா, பிறகு மாமாவே என்று மூவரும் தேய்ந்தார்கள். உலகத்துக்கே டயர் போட்ட பால், ஒரு முழக் குழாய்க்கு ஆகாதாம்.

மருமகன் சொன்னதிலும் தப்பில்லை. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் வகையறா ஆகாது. பட்டதும் உறிஞ்சி ஊதிப்போகும், பிறகு பலம் இழக்கும். கேஸ் குழாய்க்கும் தலைக்குள் இருக்கும் சவ்வுக்கும் நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பரைப் போடுவது அதனால்தான். ஆனால் சமன்பாடு காட்டினால் மாமா மசிவாரா? பெரியப்பா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஏம்ப்பா, சின்ன வயசுல சைக்கிள் டியூப் ஒட்டறதுக்கு என்ன செஞ்சோம்? ஒட்டுப்பால எடுத்து பெட்ரோல்ல ஊறப் போடுவோம். மறுநாள் பாத்தா எப்பிடி இருக்கும்?”

மாமாவின் முகம் மாறியது. “ஊதிக்கிட்டுக் கொழகொழன்னு பசையா…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தார். “அப்ப நல்லதா வாங்குங்க. சிரிம் தர முத்திரை பாத்து வாங்குங்க” என்று தானே முதலில் சொன்னதுபோல் உத்தரவு போட்டார். தோல்வியைக்கூட உத்தரவாகப் போடத் தெரிந்தவர்தான் கங்காணி.

இதற்குள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பேரா மாநிலத்தில் மத்தியானத்துக்கு மேல் எந்த வேலைக்கும் வானம்தான் துரை. மச்சான் டவுனில் உள்ள கேஸ் கடைக்குப் போன் போட்டார். சற்று நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் கம்பிக் கூடை, அதில் ஒரு கருவிப் பை. இறங்கியவர் வங்காளதேசத்துத் தம்பி; இருபத்தைந்து வயதிருக்கும். மலாயும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசினார்.

“ஓகே பாஸ். மானா ரோசாக்?”

எங்கே கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்கிறார். எட்டு விரல்கள் எட்டு இடத்தைக் காட்டின. ஒன்பதாவது நான், டார்ச்லைட் அடித்தேன்.

தம்பி குனிந்து பார்த்தார். முதலில் தோம்பின் தலையை மூடினார். பிறகு அடுப்பைத் திருகி, குழாயில் மிச்சமிருந்ததை எரித்துத் தீர்த்தார். கோயில் தலைவர் வாயில் இருந்த சுருட்டைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்; தலைவர் தாமாகவே பின்வாசலுக்குப் போய்விட்டார். மோப்பம் பிடிக்கவென்றே கேஸில் நாற்றம் சேர்த்து அனுப்புகிறார்கள். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம் என்பதால் கசிந்தால் மேலே போகாது; தரையோடு படரும். கேரவனின் தரையிலும் தோம்புப் பெட்டியின் அடியிலும் துளை விட்டிருப்பது அது இறங்கிப்போக. எங்கள் வண்டியில் அந்தத் துளையின் மேல் அழகான பூப்போட்ட பாய் விரித்திருந்தது. கரப்பான் வருகிறதாம். தம்பி பாயைத் தூக்கி வெளியே வைத்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. மச்சானும் பேசவில்லை, பாய் விரித்தவர் மச்சானின் மனைவி, கூட்டத்தில் அவர் இல்லை என்பதை மச்சான் மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

அடுத்து பித்தளை நட்டு. சுவர்த் தலையையும் குழாயையும் சேர்க்கும் நட்டு. தம்பி ஸ்பேனரை எடுப்பதற்குள் கங்காணி மாமாவுக்குப் பொறுக்கவில்லை, தாமே இறங்கிவிட்டார். எல்லா நட்டும் இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்பது உலக வழக்கு. மாமா திருப்பினார். அசையவில்லை. லோரி அண்ணன் கைகொடுத்தார். அது இன்னும் இறுகியது. “இங்கிலீஸ்காரன் போட்டது, அப்பிடித்தான் இருக்கும்” என்று சித்தப்பா தத்துவம் சொல்ல, மச்சான் சுத்தியல் தேடினார்.

“பாஸ், செகேஜாப்” என்றார் தம்பி. கொஞ்சம் பொறுங்கள் என்கிறார். நட்டின் முனைகளில் விரலால் தடவிக் காட்டினார். சின்னச் சின்ன வெட்டுகள். எரியும் வாயுவுக்கான நட்டுகள் பலவற்றில் புரியை இடவலம் மாற்றி வைப்பார்கள். மற்றக் குழாயை மறதியாக இதில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. அடையாளம் அந்த வெட்டு. தம்பி வலப்பக்கம் ஒரு அழுத்து அழுத்தினார். நட்டு சாதுவாகக் கழன்றது.

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “நான் லூஸ் பண்ணி வெச்சிருந்தேன்ல” என்றார்.

சுவர்த் தலை கையோடு வந்தது. அதன் மூச்சுத் துளையில் குளவி வீடு கட்டி, பிள்ளை பெற்று, கட்டிக்கொடுத்து, காலி செய்துவிட்டும் போயிருந்தது. தம்பி அதைத் தட்டி, உதிர்ந்த மண்ணைக் காட்டி, இரண்டு விரலை நிமிர்த்தினார், ஒன்றை மடக்கினார். இரண்டு தலை வேண்டாம், ஒன்று போதும். காலையிலிருந்து நான் சொல்ல நினைத்து யாரும் கேட்காத விஷயத்தை ஒரு விரலை மடக்கிச் சொல்லி முடித்துவிட்டார்.

புதுத் தலையில் சிரிம் முத்திரை இருந்தது. தலையை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்று கை விரித்துச் சொன்னார். புதுக் குழாய், இரண்டு முனையிலும் கிளிப். மூச்சுத் துளை கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வைத்தார், மழைத்தண்ணீர் இறங்காது. ஒவ்வொரு செயலுக்கும் ஒன்பது பக்கமிருந்தும் உத்தரவு பறந்தது. “டைட்டா திருப்பு.” “ரொம்ப டைட் வேணாம்.” “கிளிப்ப இந்தப் பக்கம் போடு.” தம்பி எல்லா உத்தரவுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: “ஓகே பாஸ்.” அப்படிச் சொல்லிவிட்டுத் தாம் செய்ய வேண்டியதைச் செய்தார்.

அந்த ‘பாஸ்’ என்ற சொல் விழுந்தபோதெல்லாம் எங்கள் வரிசையில் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு அரை அங்குலம் விரிந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் எல்லோரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே அது சில்லறை. இங்கே ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டு, நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறார். கடல் தாண்டி வந்து, பாஷை தெரியாத ஊரில், பிறர் நிலத்தில் குனிந்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். பாஸ் ஆவதற்கு எங்களுக்கு மூன்று தலைமுறையும் இன்னொரு கப்பல்காரத் தம்பியும் தேவைப்பட்டிருக்கிறது. விமானத்தில்தான் வந்தாராம், கடன் மட்டும் அதே கடன்.

சோதனைக் கட்டம். “தீக்குச்சி கிழிச்சிப் பாத்தா தெரிஞ்சிடும்” என்றார் லோரி அண்ணன். சீன அங்கிள் இன்னும் நாலடி பின்னால் போனார். தம்பி அத்தையிடம் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் தண்ணீரும் கேட்டார். மச்சானின் சவரப் பிரஷ் வந்தது. ஒவ்வொரு மூட்டிலும் நுரை தடவி, தோம்பைத் திறந்து, எல்லோரும் குனிந்து பார்த்தோம். குமிழி ஊதினால் கசிவு. ஊதவில்லை. வாழ்க்கையில் ஒன்பது பேர் ஒன்றாகக் கூடி, ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காகக் கை தட்டியது அன்றைக்குத்தான்.

அடுப்பைப் பற்றவைத்தார்கள். நீலம். நிமிர்ந்த நீலம். அத்தை வைத்த தண்ணீர் யாராவது ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் கொதித்தது.

“அந்தப் பழைய தலை நல்லாத்தானே இருக்கு, கோயில் அன்னதான அடுப்புக்கு ஆவும்ல?” என்று கோயில் தலைவர் கை நீட்டினார். தோட்டத்து ஆட்கள் எதையும் தூக்கிப் போட மாட்டோம். மங்கு உடைந்தால் கோழிக்குத் தண்ணீர் வைப்போம். ஆனால் செத்த தலையை இன்னொரு அடுப்பில் உயிர்ப்பித்தால் அங்கே வேறு யாரோ சாவார்கள். தம்பி இரண்டு பழைய தலைகளையும் தரையில் வைத்து, மச்சான் தேடி எடுத்து வைத்திருந்த அதே சுத்தியலால் போட்டுத் தட்டித் தகரமாக்கிவிட்டு, “ஓகே பாஸ்” என்றார். இந்த முறை யாரும் உத்தரவு போடாமலே.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

“பாஸ், சியாப்பா பாயார்?”

யார் காசு கொடுப்பது?

ஒன்பது பாஸ்களில் ஒருவரும் பாஸாக இல்லை. மச்சான், வண்டி தன்னுடையதுதான் ஆனால் தேநீர் குடிப்பது எல்லோரும்தானே என்றார். சித்தப்பா தாம் ஏற்கெனவே ஒரு தலை கொண்டுவந்து கொடுத்ததையும் அதை நாங்கள் மதிக்காததையும் நினைவூட்டினார். மருமகன் மாணவன். சீன அங்கிள் மழையைப் பார்த்தார். தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் உருவாகப் பல வருடம் பாடுபட்டார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் துரைமார்கள் அரை நிமிடத்தில் ஒரு சங்கமாகிவிட்டார்கள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். அவர் பெரட்டில் வாசிக்கும் அதே குரல்.

“சாமானும் கூலியும் தொண்ணூறு வெள்ளி. வேல செஞ்சவங்க ரெண்டு பேரு. ஒண்ணு இந்தத் தம்பி, ஒண்ணு தண்ணி வெச்சுக் குடுத்த அத்த. மீதி ஒம்பது பேரு பேரு போட்டிருக்கு, என் பேரும் சேத்து. ஆளுக்குப் பத்து வெள்ளி.”

கோயில் தலைவர் பதறிவிட்டார். “அண்ணே, நான் ஒண்ணுமே செய்யலியே! சும்மா பாக்கத்தானே வந்தேன்!”

பெரியப்பா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

“பாத்ததுக்குத்தான்யா பத்து வெள்ளி. செஞ்சிருந்தா நாங்க குடுத்திருப்போம்.”